ஈயக்குடுவையும் இரண்டு பனிக்காலங்களும்

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் உரிய அளவில் கலந்து பெறும் பொடியைக் கருமருந்து என வழங்குவது நம் மரபு. நோய் தீர்க்கும் பொருளுக்கும் உயிர் போக்கும் பொருளுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பொருந்திய நிகழ்ச்சி ஒன்று வட அமெரிக்க வரலாற்றில் உண்டு. 1804 முதல் 1806 வரை மிசௌரி ஆற்றையும் மலைகளையும் கடந்து பசிபிக் கடல்வரை சென்று மீண்ட ஒரு குழுவினரின் கதை அது. மெரிவெதர் லூயிசும் வில்லியம் கிளார்க்கும் தலைமை ஏற்ற அப்பயணத்தைப் புவியியல் நூலார் நிலப்படத்துக்காகவும் அரசியல் நூலார் நாட்டெல்லைக்காகவும் பாராட்டுவர். அவர்கள் இரண்டு குளிர்காலங்களில் எதை உண்டு உயிர் தாங்கினர் என்னும் எளிய வினாவை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மான்வேட்டை என்பது அதற்குரிய விடையின் ஒரு பாதியே.

அக்காலத் துப்பாக்கியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்துக் கோலால் கெட்டிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் சிறிய கிண்ணம் ஒன்று உண்டு. அதில் ஒரு சிட்டிகை மருந்து தூவப்படும். விசையை அழுத்தினால் சக்கிமுக்கிக்கல் எஃகில் மோதும். அப்போது தெறிக்கும் பொறி கிண்ணத்து மருந்தைப் பற்றி, சிறு துளை வழியே உள்ளே பாயும். இத்தொடரில் எந்தக் கண்ணி நனைந்தாலும் வெடி இல்லை. கிண்ணத்தில் விழும் ஒரு பனித்துகள், கிளையிலிருந்து சொட்டும் ஒரு துளி நீர், குளிர்ந்த இரும்பைச் சூடான குடிலுக்குள் கொண்டுவந்ததும் அதன்மேல் படியும் வியர்வை போன்ற ஈரம் ஆகிய ஒவ்வொன்றும் வேட்டைக்காரனின் பகையே. வெடித்த பின்னும் தொல்லை தீராது. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மாறும்; அதில் ஒரு பகுதி கசடாகக் குழலுள் தங்கும். அக்கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

கைத்துப்பாக்கியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குழல் குறுகியது ஆதலின் குண்டின் விரைவு குறைவு. குறியும் குறுகிய தொலைவுக்கே நம்பத்தக்கது. பனிக்காலத்தில் இலையுதிர்ந்த காட்டில் மறைவிடம் அரிது. உறைந்த பனி காலடியில் நொறுங்கி ஓசை எழுப்பும். அந்நிலையில் மானின் அருகே சென்று ஒற்றை வெடியால் வீழ்த்துதல் எளிதன்று. எனவே மானுக்கு நீண்ட குழலுடைய துப்பாக்கியையே இவர்கள் நம்பினர். 1805 ஆகஸ்டு இறுதியில் மலையைக் கடக்கக் குதிரை வேண்டியிருந்தபோது, கிளார்க் தம் கைத்துப்பாக்கியையும் 100 குண்டுகளையும் சிறிது மருந்தையும் ஒரு கத்தியையும் ஷோஷோனி மக்களிடம் கொடுத்து ஒரு குதிரை வாங்கினார். இரைக்கு உதவாத ஆயுதம் விலையாக உதவியது.

1803-இல் பிலடெல்பியா நகரில் பொருள் திரட்டியபோது லூயிஸ் செய்வித்த ஒன்று குறிப்பிடத்தக்கது. மருந்தை மரப்பீப்பாயில் அடைப்பதே வழக்கம். அவரோ 52 ஈயக்குடுவைகளைச் செய்வித்தார். ஒவ்வொரு குடுவையும் 8 பவுண்டு எடையுள்ளது. உள்ளே 4 பவுண்டு மருந்து கொள்வது. மருந்து தீர்ந்ததும் குடுவையை உருக்கினால், அம்மருந்துக்கு வேண்டிய அளவு குண்டுகள் கிடைக்கும். காக்கும் கலமே பின்னர்க் கருவியாகிறது. சுமை என ஒன்றும் வீணாவதில்லை. முன்னறிவு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

முதற்குளிர்காலம், இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில், மண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகே கட்டிய மரக்கோட்டையில் கழிந்தது. 1804 டிசம்பர் 8 அன்று வெப்பமானி பாரன்ஹீட் அளவில் சுழிக்குக் கீழ் 12 காட்டியது. கிளார்க் அன்று ஆட்களுடன் வேட்டைக்குச் சென்றார். திரும்பியவர்களுள் பலர் உறைபனியால் புண்பட்டிருந்தனர். கிளார்க்கின் அடிமையான யார்க் என்பவரின் பாதங்களும் புண்பட்டன. அதே மாதம் 17-ஆம் நாள் அளவு சுழிக்குக் கீழ் 45 வரை இறங்கியது. நம் அளவில் அது சுழிக்குக் கீழ் 43 பாகை.

இறைச்சி அருகியதால் 1805 பிப்ரவரி 4 அன்று கிளார்க் 18 பேருடன் ஆற்றின் உறைந்த மேற்பரப்பு வழியே கீழ்நோக்கிச் சென்றார். ஏறத்தாழ ஒன்பது நாள் வேட்டையில் 40 மான்களும் 3 காட்டெருமைகளும் எல்க் என்னும் பெரிய மானினத்துள் பலவும் வீழ்ந்தன. ஆயினும் கணக்கு மகிழ்ச்சி தரவில்லை. பனிக்காலப் பட்டினியால் விலங்குகள் மெலிந்திருந்தன. பல உண்ணவே ஆகவில்லை. எஞ்சியவற்றிலும் ஓநாய்கள் பங்கு கொண்டன. கடைசி நாளில் முழங்கால் அளவுப் பனியில் 30 மைல் நடந்து கிளார்க் திரும்பினார். விட்டுவந்த இறைச்சியை எடுக்கச் சென்ற நால்வரை நூற்றுக்கு மேற்பட்ட சூ வீரர்கள் மறித்து இரண்டு குதிரைகளைக் கொண்டுபோயினர். பின்னர் லூயிஸ் சென்று மேலும் வேட்டையாடி, ஏறக்குறைய 3000 பவுண்டு இறைச்சியைச் சறுக்குவண்டிகளில் கொணர்ந்தார். அவற்றுள் 2400 பவுண்டு ஏற்றிய ஒரு வண்டியை இழுத்தவர்கள் 16 மனிதர்கள்.

வேட்டை கைவிட்ட நாள்களில் இவர்களைக் காத்தது மண்டன் பெண்டிர் விளைவித்துச் சேமித்திருந்த மக்காச்சோளம். கோட்டையின் கொல்லர்கள் கோடரிகள் செய்துகொடுத்துச் சோளம் பெற்றனர். எரிந்து பழுதான அடுப்பின் இரும்புத் தகட்டை வெட்டி, நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றுக்கு ஏழெட்டு காலன் சோளம் வாங்கியதாக லூயிஸ் குறித்துள்ளார். துப்பாக்கி தராத உணவை உலைக்களம் தந்தது. உலைக்களத்துக்கும் முன்பே உழவு தந்திருந்தது. அம்மண்டன் மக்களை 1837-இல் பெரியம்மை ஏறக்குறைய முற்றாக அழித்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

இரண்டாம் குளிர்காலம் வேறு வகையான சோதனை. இன்றைய ஓரிகன் மாநிலத்தின் கடற்கரைக்கு அருகே கிளாட்சாப் கோட்டையில் 33 பேர் தங்கினர். அங்கே உறைபனி அன்று, ஓயாத மழையே பகை. 1805 நவம்பர் தொடக்கம் முதல் 1806 மார்ச் இறுதி வரை மழையற்ற நாள்கள் 12-க்கு மேல் இல்லை. அவற்றுள்ளும் வானம் தெளிந்தவை 6 மட்டுமே என்று குழுவினருள் ஒருவரான பேட்ரிக் காஸ் எழுதிவைத்தார். உடைகள் மட்கின, சதுப்பு நிலங்களைக் கடந்து சுமந்துவந்த இறைச்சி வெதுவெதுப்பான ஈரத்தில் கெட்டது. இருப்பினும் டிசம்பர் 1 முதல் மார்ச் 20 வரை 131 எல்க்குகளும் 20 மான்களும் வீழ்ந்தன என்பதும் காஸ் தரும் கணக்கே.

அத்தகைய மழையில் அத்தனை வெடிகள் எவ்வாறு வெடித்தன? விடை 1806 பிப்ரவரி 1-ஆம் நாள் குறிப்பில் உள்ளது. அன்று லூயிஸ் எஞ்சிய மருந்தை ஆராய்ந்தார். 35 குடுவைகளில் மருந்து, அடைத்த நாளில் இருந்தது போலவே உலர்ந்திருந்தது. அவை வழியில் நீரில் மூழ்கியவை. ஈயக்குடுவை என்னும் ஏற்பாடு இல்லையேல் ஒரு வெடிக்கும் மருந்து எஞ்சியிராது என்று அவர் எழுதுகிறார். வெற்றி எனப்படுவது விசையை அழுத்தும் நொடியில் நிகழ்வதன்று. மூன்றாண்டுக்கு முன் ஒரு நகரத்துப் பட்டறையில் வார்க்கப்பட்ட குடுவையிலேயே அது தொடங்கிவிட்டது.

குடுவையோடு மனிதரையும் எண்ண வேண்டும். ஷானி இனத் தாய்க்குப் பிறந்த ஜார்ஜ் டிரூயர் இக்குழுவின் தலைசிறந்த வேட்டைக்காரர். அவர் உழைப்பு இல்லையேல் பிழைத்திருப்பதே அரிது என்னும் கருத்தை லூயிஸ் பதிந்துள்ளார். பழுதான துப்பாக்கிகளுக்கு உதிரி உறுப்புகளைப் பொருத்தி உயிர் கொடுத்தவர் ஜான் ஷீல்ட்ஸ் என்னும் கொல்லர். அவருடைய கைத்திறனையும் லூயிஸ் மறவாது போற்றுகிறார். இவர்கள் ஏட்டில் இடம் பெற்றனர், ஊதியமும் பெற்றனர்.

யார்க்கின் நிலை அதுவன்று. அவரும் துப்பாக்கி ஏந்தி வேட்டையாடினார். பனியில் அவர் பாதமும் வெந்தது. அடிமைமுறை நிலவிய நாட்டில் அடிமை ஒருவர் கையில் துப்பாக்கி இருந்ததே அக்காட்டுவழி தந்த விந்தையான உரிமை. 1806 செப்டம்பரில் குழு ஊர் திரும்பியது. படைவீரர் ஒவ்வொருவருக்கும் இரட்டை ஊதியமும் 320 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டன. யார்க்குக்கு ஊதியம் இல்லை, நிலம் இல்லை, விடுதலையும் இல்லை. மனைவி வாழ்ந்த லூயிவில் நகரில் இருக்க அவர் விரும்பினார் என்பதும், கிளார்க் சினந்து மறுத்தார் என்பதும், கிளார்க் 1808-இல் தம் தமையனுக்கு எழுதிய கடிதங்களால் தெரியவருகின்றன. அவரை விடுவித்துவிட்டதாகக் கிளார்க் பிற்காலத்தில் கூறினார்; அதற்குள் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. 2001-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் யார்க்குக்கு மதிப்புறு சார்ஜென்ட் பட்டம் வழங்கினார். பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இக்குழுவினர் தம் நாட்குறிப்புகளையும் மருந்தைப் போலவே ஈரம் படாமல் காத்தனர். அதனால்தான் எத்தனை மான் வீழ்ந்தது, எந்நாளில் எவ்வளவு குளிர்ந்தது என்பவற்றை இன்று நாம் எண்ணிச் சொல்ல முடிகிறது. யார்க்கின் பாதம் புண்பட்ட நாளையும் அவ்வேடே காத்துத் தந்தது. ஏடு காத்ததை ஊதியக் கணக்கு காக்கவில்லை. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஒரு பனிக்காலத்து உணவைத் தந்தவர் யார் யார் என்று முழுமையாக எண்ணிய பின்னரே, அதனை உண்டவர்களின் புகழைப் பேசுதல் தகும்.