வலது ஓரத்தின் விலை

தமிழ் இதழ்களின் குறுகிய பத்திகளில் ஒரு வரிக்கு மூன்றே சொற்கள் நின்று, அவற்றுக்கிடையே வெள்ளை அகன்று கிடப்பதைப் பார்க்கிறோம். வடிவமைப்பவர்கள் மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். மென்பொருள் அறிந்தவர்கள் தமிழின் நீண்ட சொற்களைக் குறை சொல்கிறார்கள். அச்சு வரலாறு இரண்டையுமே முழுக் காரணமாக ஏற்கவில்லை. வலது ஓரம் நேராக நிற்க வேண்டுமானால் வரிக்குள் ஏதாவது ஒன்று நெகிழ்ந்து கொடுத்தாக வேண்டும். தமிழில் நெடுங்காலம் நெகிழ்ந்து கொடுத்தது சொல். கணினிக்கு மாறியபோது அந்த நெகிழ்வை இழந்தோம். இன்றைய ஓட்டை வரிகள் அந்த இழப்பின் விளைவு.

ஓலையில் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லாததால், எழுத்தாணி விளிம்புவரை சென்று, இடம் தீர்ந்த எழுத்தில் நின்று, அடுத்த வரியில் தொடர்ந்தது. பின்னர் அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் மறைப்பணியாளர் சீகன்பால்கு முதலியோரின் அச்சுக்கூடம் இயங்கியது. காலப்போக்கில் சொல்லிடைவெளி நிலைபெற்றது. ஆனால் வரி முடியும் இடத்தில் சொல்லை முறிக்கும் பழக்கம் அச்சிலும் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களில் இணைகோடு இல்லாமலே அடுத்த வரிக்குத் தாண்டும் சொற்கள் சாதாரணம். ஈய எழுத்துகளைக் கோப்பவருக்கு ஒவ்வொரு வரியும் குறித்த அகலத்துக்கு இறுக்கமாக நிரம்பியாக வேண்டும். தளர்ந்தால் எழுத்துகள் உதிரும். அவர் சொல்லை முறித்து வரியை நிரப்பினார். எஞ்சிய சிறு இடத்தை மட்டும் ஸ்பேஸ் துண்டுகளால் அடைத்தார். ஒற்றெழுத்தில் வரியைத் தொடங்கக் கூடாது, கொம்பை அதன் எழுத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்ற நெறிகளுக்குள் அது நடந்தது.

மேற்குலகம் வேறு வழியில் சென்றது. 1886இல் ‘நியூயார்க் டிரிப்யூன்’ நாளிதழில் பணிக்கு வந்த லினோடைப் இயந்திரம், சொற்களுக்கிடையே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செலுத்தி வரியை விரித்தது. கணினி அறிவியலாளர்கள் டொனால்டு க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட கட்டுரை, பத்தி முழுவதையும் கணக்கிட்டு வரிகளைப் பிரிக்கும் முறையை விளக்கியது. அந்த முறை எவ்வளவு நுட்பமானதாயினும், சொல்லை எங்கே முறிக்கலாம் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். 1985இல் வந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு ஆங்கிலத்தின் முறிப்பு விதிகள் தெரியும். தமிழின் விதிகள் தெரியாது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருந்ததால், மென்பொருளுக்குத் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலமாகவே பட்டது. ஹைபனேஷன் எனும் முறிப்பு வசதியை இயக்கினால் கொம்பு மட்டும் வரியின் கடைசியில் தனித்து நிற்கக்கூடும். அணைத்தால் நெகிழ்வதற்குச் சொல்லிடைவெளி ஒன்றே மிஞ்சும்.

கணக்கு எளிது. வரியில் 12 பாயிண்ட் இடம் மீந்தால், ஏழு சொற்கள் கொண்ட ஆங்கில வரியின் ஆறு இடைவெளிகளில் அது இரண்டிரண்டு பாயிண்ட்டாகக் கரைந்துவிடும். மூன்று சொற்கள் கொண்ட தமிழ் வரியில் இரண்டே இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஆறு பாயிண்ட் வீங்கும். இதைச் சரிசெய்ய எழுத்திடைவெளியைக் கூட்டினால் சொல்லே சிதறுகிறது. ஷிஃப்டும் என்டரும் அழுத்தி வரியை உடைத்தால், ஒரு சொல் திருத்தியதும் பத்தி முழுதும் குலைகிறது.

சொல்லை முறித்தால் வாசிப்பு தடைபடும் என்பது நியாயமான எதிர்வாதம். பொருள் மாறும்படி முறிந்தால் தடைபடத்தான் செய்யும். ஆனால் அகன்ற வெள்ளையும் கண்ணை நிறுத்துகிறது, அதுவும் வரிக்கு வரி. முறிப்பின் தீங்கை நெறிகளால் குறைக்கலாம். வலது ஓரம் நேராக நிற்கும் குறுகிய பத்தியில் வெள்ளையைக் குறைக்க வேறு வழி இல்லை. யூனிகோடு வந்த பிறகு மென்பொருளால் தமிழைத் தமிழாக அடையாளம் காண முடிகிறது. தமிழுக்கான முறிப்பு விதிகளும் உருவாகியுள்ளன. பத்தியின் மொழியைத் தமிழ் என்று குறித்து அந்த விதிகளை இயக்குவதே முதல் சிகிச்சை. முறிப்பை விரும்பாதவர்கள் வலது ஓரத்தை ஒழுங்கற்றதாக விட்டுவிடலாம். எழுத்துரு வடிவமைப்பாளர் எரிக் கில் 1931இல் தம் அச்சுக்கலை நூலை அப்படித்தான் அச்சிட்டார். முறிப்பும் வேண்டாம், நேரான ஓரமும் வேண்டும் என்றால் அதற்கான விலையை வாசகரின் கண்தான் கொடுக்கிறது.