பெயர் தெரியாத டிஸ்க்கும் எண் தெரியாத வாத்தியாரும்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். "சார், லேப்ல ஒரு பிள்ளைகூட லாகின் ஆக முடியல. பாஸ்வேர்டு சரியாத்தான் போடுதுங்க. திரை ஒரு நொடி மின்னிட்டு மறுபடியும் பாஸ்வேர்டு கேட்குது" என்றாள். "சர்வர்ல டிஸ்க் நிரம்பியிருக்கும்மா, முதல்ல அதைப் பாரு" என்றேன். அப்படித்தான் இருந்தது. அவளுக்கு ஆச்சரியம். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தச் சிக்கலின் வரலாறு.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஃபோல்டர். அதுதான் ஹோம் டைரக்டரி. இவை முதலில் 'யூஸர்' என்பதன் சுருக்கமான 'யு.எஸ்.ஆர்.' என்ற இடத்தில், தனி டிஸ்க்கில் இருந்தன. முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் போனதும் சிஸ்டத்தின் ஃபைல்களும் அங்கே குடியேறிவிட்டன. பின்னாளில் பயனர்களின் ஃபோல்டர்கள் 'ஹோம்' என்ற வேறு இடத்துக்கு மாறின. இன்றும் லினக்ஸில் 'யு.எஸ்.ஆர்.' உண்டு, பெயர் பயனருடையது, உள்ளே இருப்பது சிஸ்டம். விருந்தாளி வந்து தங்கியதில் வீட்டுக்காரரே வெளியேறிய கதை!

இன்னொன்றையும் அப்போதே முடிவு செய்தார்கள். ஒரு ஃபைல் யாருடையது என்பதை டிஸ்க்கில் பெயராக எழுதுவதில்லை, எண்ணாகத்தான் எழுதுவது. எந்த எண் யாருக்கு என்பது வேறொரு பட்டியலில் இருக்கும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஃபைல் அப்படியே கிடக்கும்; உரிமையாளர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண் மட்டும் தெரியும். இதை நினைவில் வையுங்கள்.

பலர் பகிர்ந்தால் ஒருவர் அதிகமாக எடுத்துக்கொள்வார். வகுப்பறையில் பெஞ்சுக்கே அந்தச் சண்டை உண்டு, டிஸ்க்குக்கு இருக்காதா? 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் 'கோட்டா' வந்தது. எழுதியவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ். அதில் இரண்டு வரம்புகள். முதல் வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை, இரண்டாவதைத் தாண்டவே முடியாது. எடுத்தவுடன் பிரம்பைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கும் நல்ல வாத்தியார் மாதிரி.

அதே 1983இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 'அதீனா' திட்டத்தைத் தொடங்கியது. வளாகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் மாணவருக்குத் தன் ஃபைல்கள் கிடைக்க வேண்டும். அடுத்த ஆண்டே சன் நிறுவனம் என்.எஃப்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. தூரத்து சர்வரின் டிஸ்க் நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பதுபோல் தெரியும். அதிலும் ஆளை அடையாளம் காட்ட எண்தான் போனது. இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒரே எண் வேறு வேறு ஆட்களுக்கு இருந்தால், ஒருவர் ஃபைல் இன்னொருவருடையதாகிவிடும். இந்தக் குளறுபடியில் தூக்கம் தொலைத்தவர்கள் உலகமெங்கும் உண்டு.

பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'ஆண்ட்ரூ' என்ற முறையை உருவாக்கியது. அதன் முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவ் சத்யநாராயணன். ஆயிரக்கணக்கானோர் சர்வரையே நச்சரிக்காமல் இருக்க, ஃபைலை அவரவர் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்து வைத்து வேலை செய்யும் யோசனை அது.

இதெல்லாம் பணக்காரப் பல்கலைக்கழகங்களின் கதை. பள்ளிக்கு வந்தது லினக்ஸால். 1999இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. திட்டம், டிஸ்க்கே இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை ஒரு சர்வரின் தயவில் ஓட வைத்தது. 2001இல் நார்வேயில் 'ஸ்கோலெலினக்ஸ்' பிறந்தது. ஸ்கோலெ என்றால் அவர்கள் மொழியில் பள்ளி. அதில் முக்கிய சர்வரின் பெயர் 'ட்யேனர்', அதாவது பணியாள். எல்லாப் பிள்ளைகளின் ஃபோல்டரும் அந்தப் பணியாளிடம். நாளைக்கு டிஸ்க் போதாது என்று தெரிந்தே, பிறகு விரிக்கும்படியாகப் பிரித்து வைத்தார்கள்.

இனி நம் லேப்புக்கு வருவோம். ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸ்ஸும் பாடமாக இருந்த காலம். ஒரு சர்வர், டிஸ்க் இல்லாத பழைய கம்ப்யூட்டர்கள். செலவில்லாமல் லேப் நடத்துகிறோம் என்று எனக்குப் பெருமை. கோட்டா மட்டும் போடவில்லை. 'நம் பிள்ளைகள்தானே' என்று விட்டுவிட்டேன்.

அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய வாரம். காலையில் யாருக்கும் லாகின் ஆகவில்லை. எனக்கு மட்டும் நிர்வாகி கணக்கில் ஆனது, ஏனென்றால் டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை லினக்ஸ் நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். 'டி.எஃப்.' கட்டளை கொடுத்தேன். ஹோம் நூறு சதவீதம். வெளியே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பட்டியலில் ஒரு ஃபோல்டருக்கு எதிரே பெயர் இல்லை, எண் மட்டும். படித்துப் போன எவனோ என்று நினைத்து அழித்தேன். எவ்வளவு பெரியது என்றுகூடப் பார்க்கவில்லை.

இடம் வரவில்லை. பிறகுதான் நிதானமாக அளந்து பார்த்தேன். வேறொரு ஃபோல்டரில் பிழைச் செய்திகளைச் சேர்க்கும் மறைவான ஃபைல் ஒன்று இரவெல்லாம் வளர்ந்து டிஸ்க்கை விழுங்கியிருந்தது. அதை அழித்தும் இடம் வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திய பிறகுதான் வந்தது.

அழித்தது யாருடைய ஃபோல்டர்? அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் மளிகைக் கடை வேலைக்குப் போய்த் திரும்பிய பையனுடையது. படிப்பை நிறுத்திவிட்டான் என்று அவன் கணக்கை நான்தான் நீக்கியிருந்தேன். திரும்பி வந்ததும் புதுக் கணக்கு கொடுத்தேன். "சார், என் பழைய ஃபைலெல்லாம்?" என்று கேட்டான். "அங்கேயேதான்ப்பா இருக்கு, நாளைக்கு மாத்தித் தரேன்" என்றேன். அந்த நாளை வரவே இல்லை. கண்காட்சிக்காக அவன் எழுதியிருந்த புரோகிராம் அதில்தான் இருந்தது. அதன் நகலும் எங்கும் இல்லை.

அவனிடம் "டிஸ்க் போயிடுச்சுப்பா" என்றேன். "பரவாயில்லை சார்" என்றான். கண்காட்சிக்கு வரவில்லை.

லேப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் அளந்து பாருங்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் ஃபைல்களின் எண்ணிக்கை வரம்பைப் பாருங்கள். கோட்டா போடுங்கள். பெயரில்லாத ஃபோல்டரை அழிக்காமல் வேறு டிஸ்க்குக்கு மாற்றி ஓராண்டு வையுங்கள். டிஸ்க்குக்கு எண் தெரிந்தால் போதும்; அது எந்தப் பிள்ளையுடைய எண் என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி, நீ என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறாய், இதைப் படிப்பாய். அன்று டிஸ்க் போகவில்லை. நான்தான் அழித்தேன். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் பழைய கம்ப்யூட்டர் சார்