கடுக்காய் கொடுத்த மை

கல்வராயன் மலை என்றவுடன் கள்ளக்குறிச்சிப் பக்கத்தார்க்கு வெள்ளிமலையும் மேகம் அருவியும் பெரியார் அருவியும் நினைவுக்கு வரும். வணிகர்க்கு நினைவுக்கு வருவது கடுக்காய். மலையாளிப் பழங்குடியினர் காட்டில் பொறுக்கிக் கொணரும் இக்காய் மூட்டை மூட்டையாகக் கீழிறங்கி, ஒரு பங்கு மருந்துக் கடைக்கும் பெரும்பங்கு தோல் பதனிடும் தொழிலுக்கும் செல்கிறது. 1976இல் அரசு நேரடியாக ஏற்கும்வரை ஜாகிர்தாரர் ஆளுகையில் இருந்த மலை இது. சிறு வனப்பொருள்கள் மீது மலைமக்களுக்கு உள்ள உரிமையைச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது 2006இல்தான்.

மருந்தும் தோலும் போக, கடுக்காய்க்கு இன்று பலரும் மறந்துவிட்ட மூன்றாவது பயன் ஒன்றுண்டு. அது மை.

கடுக்காயை இடித்து ஊறவைத்து வடித்த நீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். சித்த மருத்துவர் அறிந்த அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட்டு, நீரில் கரைந்தால் இளம்பச்சையாக நிற்கும். இவ்விரண்டில் எதுவும் கறுப்பன்று. இரண்டும் கலந்து காற்றும் பட்டால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். காயின் துவர்ப்புப் பொருளாகிய டானின் இரும்போடு பிணைந்து, நீரில் கரையாத கருநிறத்தைத் தருகிறது. ஐரோப்பியர் ஓக் மரத்து மாசிக்காயைக் கொண்டு செய்ததும் இதே மைதான். கலம்காரி ஓவியரும் இந்த உறவை நம்பியே வாழ்கிறார். கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திய துணியில், வெல்லமும் இரும்பும் புளிக்கவைத்த நீரைத் தொட்டு வரைகிறார். எழுதுகோல் பட்ட இடம் கருக்கிறது.

இவ்விரு நீரையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கி.மு. காலத்துக் கிரேக்கப் பொறியாளர் பைசாந்தியத்து பிலோன் இதைத்தான் செய்யச் சொன்னார். மாசிக்காய் நீரால் எழுதுக. காய்ந்தபின் ஒன்றும் தெரியாது. பெறுபவர் உலோக உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் ஒற்றினால் எழுத்து எழும். மறைமையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. மையின் ஒரு பாதி எழுதுபவரிடம் இருக்கிறது, மறுபாதி படிப்பவரிடம். மறுபாதி யார் கைக்குப் போகிறது என்பதே எல்லாக் கதைகளிலும் கேள்வி.

நம் ஓலைச்சுவடியும் ஒருவகையில் இரு பாதி எழுத்தே. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து இருக்கும்; கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்துப் பூசித் துடைத்தால்தான் கீறலில் மை தங்கி எழுத்து விளங்கும். பிள்ளைகள் கையில் புதுச்சுவடி கொடுக்கும்போது இதனை மையாடல் என்று ஒரு சடங்காகவே செய்தனர். பிறர் ஒளித்து வைப்பதற்குப் பயன்படுத்திய முறையை நம்மவர் ஊர் கூடி வெளிப்படுத்துவதற்குப் பயன்படுத்தினர் என்பதில் எனக்குச் சிறிது பெருமையுண்டு. (தமிழாசிரியனின் பெருமை, பொறுத்தருள்க.)

நீருக்குப் பதிலாக ஒளியே மறுபாதி ஆனது பிற்காலத்தில். 1801இல் ஜெர்மானியர் ரிட்டர், நிறமாலையின் ஊதாவுக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இருளில் வைத்த வெள்ளி உப்பு விரைந்து கருப்பதைக் கண்டார். அதுவே புற ஊதாக் கதிர். 1852இல் கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ், மலேரியா மருந்தான குயினைன் கரைசல் அக்கதிர் பட்டதும் நீலமாக ஒளிர்வதை விளக்கினார். காணாத ஒளியை வாங்கிக் காணும் ஒளியாகத் திருப்பித் தரும் இப்பண்பையே ஒளிர்வு என்கிறோம். கண்ணுறு ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் கண்ணாடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் ராபர்ட் வுட் உருவாக்கியபின், மறைமைகளுக்குக் கெட்ட காலம் தொடங்கியது.

அந்த விளக்கின்கீழ் கடுக்காய் மை ஒளிராது. தாளும் தோலும் மங்கலாக ஒளிர, எழுத்து மட்டும் கதிரை விழுங்கிக் கறுத்து நிற்கும். கண்ணுக்கு வெளுத்துப்போன எழுத்தும், ஏன், சுரண்டி அழித்த எழுத்தும்கூட நிழலாக எழும். பத்தாம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்த ஆர்க்கிமிடீசின் நூலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டி, அதன்மேல் வழிபாட்டு நூல் எழுதிவிட்டனர். பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் 1998க்குப்பின் பத்தாண்டுகள் பல்வேறு அலைநீள ஒளிகளில் படமெடுத்து அதைப் படித்தனர். ஒளிக்கும் அகப்படாத சில பக்கங்களில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மையில் மிஞ்சிய இரும்பைத் தேடி எழுத்தைக் கண்டனர். மையைச் சுரண்டியவரால் இரும்பை முழுதும் சுரண்ட இயலவில்லை.

தாளும் சான்று சொல்லும். இரண்டாம் உலகப்போருக்குப்பின் தாளை வெளுப்பாகக் காட்ட ஒளிர்வேதிகளைச் சேர்க்கலாயினர். எனவே 1920ஆம் ஆண்டுப் பத்திரம் என்று ஒருவர் நீட்டும் தாள் விளக்கின்கீழ் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், பத்திரம் பொய். ஒளிராவிட்டால் மெய் என்று உறுதி சொல்லிவிட முடியாது. பழைய வெற்றுத்தாள் கிடைக்காத பொருளன்று.

ஒளிரும் மைகள் இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. ரூபாய் நோட்டின் எண்கள் அவ்விளக்கில் ஒளிர்வதைக் கடைக்காரர்கள் அறிவர். சிவப்பு மைக்குப் பெயர்போன இயோசின் என்னும் சாயமும் ஒளிர்வதே; விடைத்தாளில் ஆசிரியர் போட்ட சுழிகள் இருட்டில் சுடர்வதை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் நூட்லர்ஸ் நிறுவனம், ஊற்றுப்பேனாவுக்கென்றே பகலில் தெரியாமல் புற ஊதாவில் நீலமாக ஒளிரும் 'புளூ கோஸ்ட்' என்ற மையை விற்கிறது. அது பெரும்பாலும் விளையாட்டுப் பொருள்.

விளையாட்டல்லாத மை ஒன்று நம் மாநிலத்திலேயே பயன்பட்டது. 2019 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய தொகுதி 4 தேர்வை ஏறத்தாழ 16 லட்சம் பேர் எழுதினர். முன்னணி இடங்களில் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியோர் அளவுக்கு மிஞ்சி இருந்ததால் ஐயம் எழுந்தது. சில மணி நேரத்தில் மறையும் மையால் விடை குறித்திருந்தனர். விடைத்தாள்கள் சென்னைக்குச் செல்லும் வழியில் இடைத்தரகர் சரியான விடைகளை நிரப்பினர் என்பது விசாரணையில் தெரியவந்தது. 2020 சனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. இங்கு மையின் மறுபாதி எழுதியவரிடமும் இல்லை, திருத்துபவரிடமும் இல்லை. வழியில் நின்ற மூன்றாமவரிடம் இருந்தது. ஏமாற்றுவதைக் கடுக்காய் கொடுத்தல் என்கிறது நம் வழக்கு. ஆணையத்துக்குக் கொடுத்த கடுக்காய், உண்மையில் மலையூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துத் தேர்வெழுத வந்த பிள்ளைக்குக் கொடுத்தது. வகுப்பில் அத்தகைய மாணவர் முகங்களைப் பார்ப்பவனுக்கு இதனை வேதியியல் வியப்பாக மட்டும் எழுத மனம் வரவில்லை.

மறையும் மைகளில் பலரும் அறிந்த ஒருவகை தைமால்ப்தலீன் என்ற வேதிப்பொருளால் ஆனது. காரத்தில் நீலமாக இருக்கும். காற்றின் கரியமில வாயு பட்டுக் காரம் குறைந்ததும் நிறமிழக்கும். லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரூபாய் நோட்டில் தடவிக் கொடுக்கும் பினால்ப்தலீன் பொடி இதன் உடன்பிறப்பு. நோட்டை வாங்கிய கையைச் சோடா உப்பு நீரில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். தைமால்ப்தலீனும் அப்படியே. மறைந்த இடத்தில் காரநீர் பட்டால் நீலம் திரும்பி வரும்.