முத்துக்குளிப்பும் அதன் கணக்கு வழக்கும்



என்னோடு பி.காம் படிக்கிற நாலு பேர் சேர்ந்து அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போகலாம் என்று திட்டம் போட்டார்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். தேதி ஜூலை மாதம். ஏன் ஜூலை என்றால், அப்போதுதான் விமான டிக்கெட்டும் ஓட்டல் ரூமும் மலிவு. மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்குமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கி அடிக்கிற மாதம் அது!

கச்சிராயபாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் கடலைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் கோமுகி அணைதான். கல்வராயன் மலையில் மழை பெய்துவிட்டால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சரி, எந்த மாதத்தில் கடலுக்குள் இறங்கலாம் என்று படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். படித்துக்கொண்டே போனால், இதே கேள்வியை நம் ஆட்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கேட்டு, பதிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைத்தான் சொல்கிறேன். இதற்குப் பழைய தமிழ்ப் பெயர் சலாபம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல் பயணக் கையேட்டில், பாண்டியர்களின் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததும், தண்டனை பெற்ற கைதிகளை அந்த வேலைக்கு இறக்கியதும் இருக்கிறது. அந்த ஒரு வரியிலேயே இது எவ்வளவு ஆபத்தான வேலை என்பது தெரிந்துவிடுகிறது.

முதலில் காலத்தைப் பார்ப்போம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். (1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஜனவரியிலும் வாடைக்காற்று முழுதாக ஓய்ந்துவிடாது. மே மாத நடுவுக்கு மேல் கச்சான் காற்று வந்துவிடும், கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் பிப்ரவரி கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை கடல் குளம் போலக் கிடக்கும் ஒரு இடைவெளி உண்டு. சலாபம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடு வரை குளிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அறுநூறு வருடம் கழித்து ஆங்கிலேயர் நடத்திய சலாபங்களும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்.

மாதம் மட்டும் இல்லை, ஒரு நாளுக்குள்ளும் காற்றைப் பார்த்துத்தான் வேலை. நள்ளிரவு வாக்கில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் தரைக்காற்றில் பாய் விரித்துக் கிளம்புவார்கள். விடியும்போது முத்துச்சிப்பி இருக்கும் பாரில் (கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர்) போய் நிற்பார்கள். மதியம் வரை குளிப்பார்கள். பிறகு கடல்காற்று கரையை நோக்கித் திரும்பும், அதிலேயே வீடு வந்து சேர்ந்துவிடலாம். மோட்டார் இல்லாத காலத்தில் போக ஒரு காற்று, வர ஒரு காற்று.

குளிக்கும் முறை இதுதான். சுமார் 15 கிலோ கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்து இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் மூக்குக்கு ஒரு கவ்வி போட்டுக்கொள்வார்கள், நம் ஆட்கள் கையாலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் மூச்சடக்குவார்கள் என்று பலர் அளந்து விட்டிருக்கிறார்கள். நேரில் நின்று கடிகாரம் பார்த்தவர்கள் எழுதியது ஒரு நிமிடம் சொச்சம், ஒன்றரை நிமிடத்தைத் தொடுவதே அபூர்வம். ஆனால் ஒரு காலைப்பொழுதில் நாற்பது ஐம்பது முறை இறங்க வேண்டும். ஆழம் சில இடங்களில் பத்துப் பாகம், அதாவது 18 மீட்டர். இன்று அடிப்படை ஸ்கூபா பயிற்சி முடித்தவரை முதுகில் காற்று உருளையோடு அனுமதிக்கும் எல்லையும் அதே 18 மீட்டர்தான். மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் இரத்தம் வருவது உண்டு என்று 1803இல் இலங்கையைப் பற்றி எழுதிய ராபர்ட் பெர்சிவல் சொல்கிறார்.

அடுத்தது சுறா. இதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடல்கட்டி என்று ஒருவர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் வராமல் யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரம் போடுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. ஐந்து சதவீதம்! நாங்கள் படிக்கிற பாடத்தில் இதற்குப் பெயர் பிரீமியம். ஆனால் சுறா கடித்தால் நஷ்டஈடு கிடையாது :-) இன்னொன்று, ராத்திரியானால் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக் கூடாது என்பதற்காக. காவலுக்கும் சுறாவையே வைத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலேய அரசும் இதை நிறுத்தவில்லை. அரசுச் செலவிலேயே கடல்கட்டியை வைத்துக்கொண்டது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். அவர் போனபோது பரம்பரைக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை, பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள் சொன்னாராம்: எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் நான் அவருடைய பிரதிநிதியாக வந்திருப்பது சுறாக்களுக்குத் தெரியும், மதிப்புக் கொடுக்கும் என்று. ஆங்கிலேயர் ஆட்சி வந்த பிறகு சுறாவால் நடந்த விபத்து என்று உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்றும் டென்னன்ட் எழுதுகிறார். அத்தனை படகு, அத்தனை கூச்சல், கல் விழும் சத்தம் எல்லாம் சேர்ந்து சுறாவை விரட்டியிருக்கும் என்பது அவர் ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் பயத்தோடு இறங்குகிறவனுக்கு மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும் இல்லையா? அந்தப் பயத்தைப் போக்கியதால் கடல்கட்டி வாங்கிய கூலி வீண் என்று சொல்ல மாட்டேன்.

உண்மையில் கரைதான் பெரிய ஆபத்து. வெறும் மணல் வெளியில் திடீரென்று ஆயிரக்கணக்கான பேர். கோடிக்கணக்கான சிப்பி வெயிலில் அழுகும் நாற்றம், ஈ, குடிநீர்த் தட்டுப்பாடு. காலரா வந்துவிடுமோ என்பதுதான் அதிகாரிகளுக்கு எப்போதும் கவலை. 1906இல் இலங்கையின் மரிச்சுக்கட்டி முகாமில் லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் அதிகாரி வேலை பார்த்தார். (எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் ஆனவர்.) அங்கே கூடிய கூட்டம் இருபது முப்பதாயிரம் பேர்.

இனி கணக்கு. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மீதி ஒரு பங்கைக் குளித்தவர், கயிறு பிடித்தவர், படகுக்காரர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அரசு தன் பங்கை அன்று சாயங்காலமே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டுவிடும், மூடிய சிப்பியாகவே. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்ற கவலை வாங்கியவருக்கு. கஜானாவுக்கு ரொக்கம். 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள், அரசுக்கு வந்தது சுமார் 25 லட்சம் ரூபாய்.

இந்த 25 லட்சத்தைப் பார்த்துத்தான் லண்டன்காரர்களுக்கு ஆசை வந்தது. இலங்கை முத்துக்குளிப்பு நிறுவனம் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, 1906இல் வருடம் 3,10,000 ரூபாய்க்கு 20 வருடக் குத்தகை எடுத்தார்கள். 1905ஐ ஒரு வருடமாகப் பார்த்தால் கொள்ளை லாபம்தான். ஆனால் அதற்கு முந்தைய வரலாற்றைப் பார்த்திருக்க வேண்டும். 1891க்குப் பிறகு 1903 வரை இலங்கையில் சலாபமே நடக்கவில்லை. ஏன் சிப்பி இல்லை என்று ஆராய்ந்து சொல்ல வில்லியம் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரையே 1902இல் வரவழைத்திருந்தார்கள். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னலும் கண்டது: பெரிய பாரில் சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் ஒட்டும், அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றில் நீரோட்டமும் மணலும் வாரிக்கொண்டு போய்விடும். தப்பினால் திருக்கை தின்னும். நாலைந்து வயது வரை பிழைத்தால்தான் முத்து. கம்பெனி முதல் இரண்டு வருடம் குளித்தது. அதற்கப்புறம் பாரில் சிப்பி இல்லை. குத்தகைப் பணம் மட்டும் வருடா வருடம் கட்ட வேண்டும். சில வருடங்களில் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள்.

இதில் நான் கவனித்தது, அரசு தன் ஆபத்தை ஏலத்தில் வியாபாரியிடம் தள்ளியது, பிறகு குத்தகையில் கம்பெனியிடம் தள்ளியது. கம்பெனியும் பங்குதாரர் தலையில் வைத்துவிட்டுக் கலைந்தது. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தங்கள் பங்கை யாரிடம் தள்ளுவது? அவர்களுக்குக் கூலியும் சிப்பிதான். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அன்று நாற்பது முறை இறங்கியது போனதுதான். காது போனால் அதுவும் அவர்கள் கணக்கில்தான். இத்தனை புத்தகம் படித்தும் குளித்த ஒருவரே எழுதியது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் 1928க்குப் பிறகு 1955இல்தான் மறுபடி சலாபம் கூடியது. 1961 வரை வருடா வருடம் நடந்தது, அதுதான் கடைசி. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே காட்டிவிட்டார்கள்.

நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். "கடல்கட்டி நம்பர் இருந்தா ஜூலைக்கே போயிடலாம்டா" என்றான் ஒருவன். கடைசியில் பிப்ரவரிக்கு மாற்றியாகிவிட்டது. டிக்கெட் விலை ஏறியதில் இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள், இப்போது மூன்று பேர். எனக்கு இன்னும் நீச்சல் வராது. அணைக்கு எப்போது விடுவார்கள் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.