தமிழ்ச் சொல்லிசை: தட்டு விற்பனையிலிருந்து கேட்பு எண்ணிக்கைக்கு

மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்தபோது, ஓர் இசைத்தொகுப்பின் வெற்றியை விற்ற குறுந்தட்டுகளே சொல்லின. 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வருமுன்பே ஆதியும் ஜீவாவும் யூடியூப் வழியாக அறிமுகமாகியிருந்தனர்.

அமெரிக்காவில் பில்போர்டு பட்டியல் 2014 டிசம்பரில் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்த்தது. தொகுப்பிலுள்ள பாடல்கள் 1500 முறை கேட்கப்பட்டால் ஒரு தொகுப்பு விற்றதாக அப்போது கொள்ளப்பட்டது. ஒரே பாடல் 1500 முறை ஓடினாலும் அன்று அதே கணக்குத்தான்! பாடல்கள் கூடினால் எண்ணிக்கையும் கூடும். டிரேக்கின் 'ஸ்கார்ப்பியன்' (2018) 25 பாடல்களுடன் வந்தது.

தமிழில் தொகுப்பு பின்தங்கி, தனிப்பாடல் முன்னுக்கு வந்தது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'எஞ்சாய் எஞ்சாமி' (2021) நிலமற்ற உழைப்பாளிகளைப் பற்றியது. யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்றது. ஆயினும் கலைஞர்களுக்கு அதிலிருந்து வருவாய் எதுவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். பார்வை எண்ணிக்கை ஊரே காண்பது. வருவாய்க் கணக்கோ பாடலின் உரிமை யாரிடம் உள்ளதோ அவர் மட்டுமே காண்பது. தட்டுக் காலத்திலும் கணக்குகள் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததில்லை என்பது வேறு செய்தி.

ஓராண்டில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பதிவுரிமைத் தொகை வழங்குவதில்லை. மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ வீட்டு அறையில் பதிவுசெய்து பாடலை ஏற்றும் இளைஞர் முதலில் தாண்டவேண்டிய எண் அதுதான்.