பிரிந்த பெற்றோரும் பிள்ளைகளும்

ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் சாலமோன் அரசர் முன் நின்ற நிகழ்ச்சியை (1 அரசர் 3:16-28) நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். பிள்ளை தன்னிடம் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கட்டும் என்றவளே தாயாக அறியப்பட்டாள். இன்று குடும்ப நல நீதிமன்றத்தில் நிற்கும் இருவருமே உண்மையான பெற்றோர். அதனால்தான் வழக்கு இன்னும் கடினமாகிறது.

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும், பாதுகாவலர் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். இவற்றில் பிள்ளையின் நலனே அளவுகோல். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறியது. மகளையும் இளைய மகனையும் தாயிடம் ஒப்படைத்தது. இத்தகைய உத்தரவுகள் நிலையானவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்று முடிவு செய்வதில்லை. ஆனால் தம்பதியர் பிரிந்தாலும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1154). "திருமணம் செல்லாது என்று அறிவித்தால் எங்கள் பிள்ளை முறைதவறிப் பிறந்ததாகிவிடுமா, சாமி?" என்று அஞ்சிக் கேட்பவர்கள் பலர். இல்லை. சட்ட எண் 1137 அந்த அச்சத்தைப் போக்குகிறது.

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பகுதிகளில் வேலைக்காகக் குடிவந்த குடும்பங்கள் ஏராளம். தாத்தா பாட்டி சொந்த ஊரில் இருக்கிறார்கள். சண்டை முற்றும்போது பிள்ளையை இரண்டு நாள் வைத்துக்கொள்ள அத்தை வீடோ சித்தி வீடோ பக்கத்துத் தெருவில் இல்லை. இரண்டு அறை வீட்டில் பிள்ளை எல்லாவற்றையும் கேட்கிறது. பிறகு அம்மா வீட்டில் அப்பாவைப் பற்றியும், அப்பா வீட்டில் அம்மாவைப் பற்றியும் பேசாமலிருக்கப் பழகிக்கொள்கிறது. மறைக்கல்வி வகுப்பில் அது அமைதியான பிள்ளை என்று பெயர் வாங்கும். அந்த அமைதியை நாமும் நல்லொழுக்கம் என்று நினைத்துவிடுகிறோம்.

பிள்ளையை ஒருபோதும் பணயமாக்காதீர்கள் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் 'அன்பின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையில் (எண் 245) பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். பள்ளிக் கட்டணத்தை நிறுத்திவைப்பதும், பார்க்க வரும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதும் அதுதான்.

வழக்குக்கு ஆதரவாக, ஒருவரை மட்டும் நல்லவராகக் காட்டும் கடிதம் கேட்டு வருகிறார்கள். நாம் அதைத் தருவதில்லை. இதனால் சிலருக்கு நம்மேல் வருத்தமும் உண்டு. ஆனால் புதுநன்மைக்கு, உத்தரவு தடுக்காதவரை, இருவரையும் அழைக்கிறோம். ஒரே பெஞ்சில் அமரவேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தால் இருவர் முகமும் பிள்ளைக்குத் தெரியும்படி இடம் ஒதுக்கித் தருகிறோம்.