பாடும் தண்டமும்: பழவேற்காட்டு மீனவர் வழக்கமும் ஒரு கால்பந்து வீரரின் மீட்சியும்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடு, வரலாற்று நூல்களில் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் துறைமுகமாகவே இடம்பெறுகிறது. அவர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை இங்கிருந்தே நடத்தினர். கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. ஆனால் ஏரியை நம்பி வாழும் மீனவக் குப்பங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட 'பாடு' என்னும் வழக்கம் அதன் பின்னும் நீடித்தது.

பாடு என்பது, மீன்பிடிக்கும் இடத்தையும் அங்கே வலையிடும் முறையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில், நீரோட்டத்தோடு வரும் இறாலைப் பிடிக்கக் கழிகளை நட்டு வலை கட்டுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைக்காது என்பதால், நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் உரிமைக்காரர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொண்டனர். உரிமையின் அலகு 'தலைக்கட்டு', அதாவது ஊரின் வரிக்கும் பொறுப்புக்கும் உட்பட்ட குடும்பத்தலைவர் என்ற தகுதி. இன்று மோசமான இடம் வாய்த்தவருக்கும் நாளை நல்ல இடம் வாய்க்கலாம் என்ற நம்பிக்கையே இந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றது.

முறை தவறியவரை என்ன செய்வது என்பதற்கும் சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்கள் விடை வைத்திருந்தன. ஊர்ப் பஞ்சாயத்து வழக்கைக் கேட்டுத் தண்டம், அதாவது அபராதம் விதிக்கும். பணிய மறுப்பவரை ஊர்விலக்கு செய்து, மற்றவர்கள் அவரோடு கொள்வினை கொடுப்பினையை நிறுத்தும்படி கட்டளையிடும். சேர்ந்து வலையிழுக்க ஆளில்லாத மீனவருக்கு இது பிழைப்பையே பறிக்கும் தண்டனை. ஆயினும், தண்டம் கட்டி ஊரார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வழியும் அதே வழக்கத்தில் இருந்தது.

ஒருவரைத் தொழிலிலிருந்தே விலக்கி வைக்கும் தண்டனை தொழில்முறைக் கால்பந்துக்கும் உண்டு. அந்த விளையாட்டு தமிழ் மீனவர்களுக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிவரை உயர்ந்து, 2020 நவம்பர் 20 அன்று இந்தியன் சூப்பர் லீக்கின் தொடக்க ஆட்டத்தில் காயமுற்று அந்தப் பருவத்தையே இழந்து, பின்னர் மீண்டும் ஆட வந்தார். காயத்தால் வீழ்ந்தவர் மீது யாரும் பழி சொல்வதில்லை. பழியோடு வீழ்ந்தவரின் மீட்சி கடினமானது. அதற்குத் தெளிவான சான்று இத்தாலியரான பாவ்லோ ரோசியின் வாழ்க்கை.

1978 உலகக் கோப்பையில் மூன்று கோல்கள் அடித்துப் புகழ்பெற்ற ரோசி, பெருஜா அணிக்கு ஆடியபோது, ஆட்டமுடிவுகளை முன்கூட்டியே பேசிவைத்துப் பந்தயம் கட்டிய 1980-ஆம் ஆண்டு ஊழல் வழக்கில் சிக்கினார். தாம் குற்றமற்றவர் என்று கடைசிவரை கூறிய அவருக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. தடை முடியுமுன்பே யுவெண்டஸ் கழகம் அவரை விலைக்கு வாங்கியது. இத்தாலிய தேசிய அணியின் பயிற்சியாளர் என்சோ பெயர்சோட், தடை நீங்கியபின் மூன்று லீக் ஆட்டங்களே ஆடியிருந்த அவரை 1982 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்காதபோதும் பெயர்சோட் அவரை விலக்கவில்லை. பிரேசிலுக்கு எதிராக மூன்று, அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஒன்று என ஆறு கோல்கள் அடித்து, இத்தாலி கோப்பையை வெல்ல வழிவகுத்த ரோசி, அவ்வாண்டின் சிறந்த ஐரோப்பிய வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும்போது, வீழ்ந்தவரின் உறுதி மட்டும் மீட்சிக்குப் போதாது என்பது விளங்கும். தண்டனைக்கு ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையைக் கடந்து வருபவருக்கு இடம் வைத்திருக்க ஒரு கழகமோ ஊரோ வேண்டும். பாடு வழக்கத்தைக் குறையற்றதாகப் போற்றவும் முடியாது. தலைக்கட்டில் சேராத பெண்களுக்கும் பிற சாதியினருக்கும் சீட்டில் பங்கில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது இடம்பெயர்க்கப்பட்டவர்கள் ஏரிக்கரையில் குடியேறிய பின் நீர்ப்பரப்புக்கான போட்டியும் கூடியது. தவறியவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த வழக்கம், தொடக்கத்திலேயே வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இடம் தரும்போதுதான் அதன் நீதி முழுமை பெறும்.